நாற்பது ரூபாய்க்குத் தனிப் பாத்திரம்

சுசீந்திரம் தாண்டிக் கன்னியாகுமரி போகிற சாலையில் சுயம்புராஜின் காபிக் கடை இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் விலைப்பலகை. அதன் கடைசி வரி இப்படி இருக்கும்: ‘தேங்காய்ப்பாலில் வேண்டுமென்றால் நாற்பது ரூபாய் கூடுதல்.’ அந்த வரியில் யாருடைய கண்ணாவது நின்றால் போதும், அடுக்களைச் சாளரம் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா பூங்கனியின் கைவேலை நின்றுவிடும். நெற்றி சுருங்குகிறதா, உதடு சுளிக்கிறதா, பக்கத்தில் இருப்பவரின் காதில் ஏதாவது சொல்கிறார்களா என்று பார்ப்பாள். தம்பியை யாரும் கொள்ளைக்காரன் என்று சொல்லிவிடக் கூடாது. அவளுக்கு அதுதான் பயம்.

சுயம்புராஜ் அவளுக்கு எட்டு வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போய்விட, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தாள். அதன் பிறகு அண்டி ஆபீஸ். முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். இருபத்திரண்டு வருடம் அங்கே முந்திரிப் பருப்பின் தோலை உரித்தாள். பருப்பு முழுசாக இருந்தால் ஒரு தரம், நுனி உடைந்தால் வேறு தரம். அவளுடைய தட்டில் உடைந்த பருப்பைத் தேடித்தான் எடுக்க வேண்டும். மேற்பார்வை பார்க்கிறவர் புதிதாக வந்த பெண்களை அவள் பக்கத்தில் உட்கார வைப்பார். “அவ கைய மட்டும் பாருங்க, வாயப் பாக்காண்டாம்” என்பார். பூங்கனி அங்கே அதிகம் பேச மாட்டாள். பேசினால் தம்பியைப் பற்றித்தான்.

அந்தச் சம்பளத்தில் தம்பி கேட்டரிங் படித்தான். ஷார்ஜாவில் ஆறு வருடம் ஒரு காபிக் கடையில் நின்றான். ஊருக்குத் திரும்பி, இருந்ததையெல்லாம் போட்டுக் கடை திறந்தான். திறப்பன்று வந்தவர்களுக்கெல்லாம் பூங்கனி சொன்னது ஒன்றுதான். “எந்தம்பி காப்பி போட்டா மேல நுரையில இலை வரைஞ்ச மாதிரி வரும். வேணும்னா பாருங்க.” அவளுடைய கணவர் குமாரதாஸ், தரைக்கு ஓடு பதிக்கிறவர், “இலைய யாரு குடிக்கப் போறா?” என்று கேட்டு நாலு நாள் சோறு தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

தேங்காய்ப்பால் பிழிவது பூங்கனியின் வேலை. காலை எட்டு மணிக்குத் துருவி, அரைத்து, துணியில் இட்டுப் பிழிந்து, வடிகட்டி வைப்பாள். ஒன்றாம் பால் கெட்டியாக இருக்கும், இரண்டாம் பால் நீர்த்திருக்கும். இரண்டையும் எந்த அளவில் கலந்தால் காபியில் திரியாது என்று கண்டுபிடிக்க இருபது நாள் பிடித்தது. தம்பி கைப்பேசியில் ஏதேதோ பார்த்துச் சொன்னான். கடைசியில் கரண்டிக் கணக்கு வைத்துப் பிடித்தது அவள்தான்.

காலையில் கட்டன் சாயா குடிக்க வரும் ராஜையனுக்கு அந்த நாற்பது ரூபாய் ஒரு பொழுதுபோக்கு. அரசுப் பேருந்தில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். பால் சேர்த்து எதையும் குடிக்க மாட்டார், ஆனாலும் கேட்பார்.

“ஏலே ராஜா, மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கணும், வைக்கோல் போடணும், காய்ச்சல் வந்தா டாக்டரக் கூப்பிடணும். எங்க வீட்டுத் தென்னை சும்மா நிக்கி. ஒண்ணும் கேக்கதில்ல. ஞாயமாப் பாத்தா மாட்டுப்பாலுக்குல்லா நீ கூட வாங்கணும்?”

“அண்ணாச்சி, மாட்டுப்பால் வெடியக்காலம் வண்டியில வந்து வாசல்ல இறங்கும்போதே பால். தேங்கா வந்து இறங்கினா வெறும் தேங்கா. அதப் பாலாக்க எங்க அக்கா வேணும்.”

“அப்பம் அந்த நாப்பதும் உங்க அக்காவுக்கா?”

“ரெண்டு தேங்காய்க்கு மூணு கப்பு கிடைக்கும். தேங்கா இப்பம் என்ன விலைன்னு உங்களுக்குத் தெரியும். மத்தியானம் தாண்டினா மிச்சம் புளிச்சிரும், கீழ ஊத்தணும். மாட்டுப்பால் ஒரு நாளைக்கு நூறு பேரு கேக்கா. இது கேக்கது நாலு பேரு. நூறு பேருக்குள்ள வேலையும் நாலு பேருக்குள்ள வேலையும் ஒண்ணுதான் அண்ணாச்சி. நாலு பேரு தலையில விழும்போது கூடத்தான் விழும்.”

“பஸ்ல நாலு பேரு இருந்தாலும் நூறு பேரு இருந்தாலும் ஒரே ரேட்டுலதான் டிக்கெட் கிழிச்சேன் நான்.”

“அதனாலதான் டிப்போ நஷ்டத்துல ஓடிச்சு” என்பான் சுயம்புராஜ். ராஜையன் சிரித்துக்கொண்டே சாயாவை உறிஞ்சுவார். உள்ளே பூங்கனிக்கு மட்டும் சிரிப்பு வராது. தம்பி சொன்னதை மனதுக்குள் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாள். தன்னிடம் யாராவது கேட்டால் ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டுமே.

ஓட்ஸ் பாலும் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தான். பெங்களூரிலிருந்து டப்பாவில் வரும். திறந்தால் சில நாளுக்குள் தீர்க்க வேண்டும். ஒரு டப்பாவில் பாதியைக் கீழே ஊற்றியபோது பூங்கனிக்கு அழுகையே வந்துவிட்டது. அதோடு அதை நிறுத்தினார்கள்.

ஆனால் கூடுதல் விலைக்கு முக்கியமான காரணம் இதெல்லாம் இல்லை. அது தனிப் பாத்திரம். காபி இயந்திரத்தில் நீராவி வருகிற குழாய் நாள் முழுக்க மாட்டுப்பாலில் முங்கி எழுவது. எவ்வளவு துடைத்தாலும் போகாது என்று சுயம்புராஜ் அதைத் தேங்காய்ப்பாலுக்குத் தொட மாட்டான். தேங்காய்ப்பாலை அடுக்களையில் தனி அடுப்பில், தனிச் சட்டியில் பூங்கனி சூடாக்கிக் கொடுப்பாள். நுரை எழுப்பும் கைமத்தும் தனி. வடிகட்டி, கரண்டி, கழுவுகிற நார், துடைக்கிற துணி எல்லாம் தனி. ஒவ்வொன்றிலும் பச்சை நூல் கட்டியிருந்தாள். கோப்பைகள்கூடப் பச்சை. கூட வேலை செய்யும் சபிதா ஒருநாள் அவசரத்தில் பச்சை நூல் துணியால் மேசையைத் துடைத்துவிட்டாள். “ஏட்டி, கண்ணு தெரியல்லியா?” என்று பூங்கனி அந்தத் துணியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்த்தாள்.

இந்தத் தனிப் பாத்திரத்துக்காகவே வந்தவள் ஆன்ஸ்லின். நாகர்கோவிலில் மருந்துக் கடை ஒன்றில் வேலை. அவளுடைய மகள் அபிஷாவுக்கு ஏழு வயது. பிள்ளைக்குப் பால் ஆகாது. வயிறு கெடுகிற சாதாரண விஷயம் இல்லை; ஒரு துளி உள்ளே போனால் உதடு வீங்கும், மூச்சு அடைக்கும். ஒரு கல்யாண வீட்டில் பால் பாயசம் அள்ளிய கரண்டியால் யாரோ சாம்பார் ஊற்றிவிட, பிள்ளை இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்திருக்கிறாள்.

முதல் தடவை வந்தபோது ஆன்ஸ்லின் விலைப்பலகையைப் பார்த்தாள். “நாப்பது ரூவா என்னத்துக்கு?” என்று அவளும்தான் கேட்டாள். சுயம்புராஜ் பதில் சொல்லாமல் அவளை அடுக்களைக்கே கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். ஆன்ஸ்லின் ஒவ்வொரு பச்சை நூலாகப் பார்த்தாள். பிறகு பூங்கனியைப் பார்த்து, “அக்கா, எனக்க மோள் இதுவரைக்கும் ஒரு கடையில இருந்து ஒண்ணும் குடிச்சதில்ல” என்றாள். அன்று அபிஷா தேங்காய்ப்பாலில் கலக்கிய சாக்லேட்டைக் குடித்து, மேலே இலை வரவில்லையென்று கோபித்துக்கொண்டாள். அடுத்த தடவை சுயம்புராஜ் எப்படியோ ஓர் இலை வரவழைத்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அம்மாவும் மகளும் வருவது வழக்கமாயிற்று.

கார்த்திகை பிறந்ததும் கன்னியாகுமரிக்குக் கூட்டம் கூடியது. கடையிலும் கூட்டம். கடை மெனுவில் நேந்திரம்பழத்தை நெய்யில் வாட்டிக் கொடுப்பது ஒன்று உண்டு. அதற்கு ஆள் வரிசையில் நின்றது. வியாழக்கிழமை, பழத்தைப் புரட்டிக்கொண்டிருந்த பூங்கனி ஒரு நொடி திரும்பியபோது பக்கத்து அடுப்பில் தேங்காய்ப்பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. மறுபடி அப்படி ஆகிவிடக் கூடாதே என்று அன்றைக்கே அவள் ஒரு காரியம் செய்தாள். விசேஷ வீடுகளில் பாயசம் வைக்கும்போது எல்லோரும் செய்வதுதான். விரல் நுனியில் நெய் தொட்டு, சட்டியின் உள் விளிம்பில் ஒரு சுற்று தடவிவிட்டாள். பால் விளிம்பு வரை ஏறும், நெய்யைத் தொட்டதும் அடங்கும். வழியவில்லை. வெள்ளியும் தடவினாள். சனிக்கிழமை காலையிலும் தடவினாள்.

தம்பியிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவளுக்குப் பால் என்றால் பால், தயிர், மோர். நெய் வேறு அலமாரியில் இருப்பது, எண்ணெயோடு சேர்ந்தது.

அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆன்ஸ்லினும் அபிஷாவும் வந்தார்கள். பச்சைக் கோப்பையில் சாக்லேட் போனது. அதே நேரம் பக்கத்து மேசையில் இருந்த ஒரு வெளியூர்க்காரர் பில்லை ஆட்டிக்கொண்டு சத்தம் போட ஆரம்பித்தார். “தேங்காய் விளையிற ஊர்ல தேங்காய்ப்பாலுக்கு நாற்பது ரூபாயா? என்ன அநியாயம் இது?”

சுயம்புராஜ் வழக்கம்போலப் பணிவாகத் தொடங்கினான். தேங்காய் விலை, புளித்துப் போவது, நாலு பேர் கணக்கு. அவர் அடங்கவில்லை. அவன் குரலைக் கொஞ்சம் உயர்த்தினான். “சார், நீங்க குடுக்கது தேங்காய்க்கு மட்டும் இல்ல. இதுல பால் சம்பந்தப்பட்ட ஒண்ணும் படாது. பால், வெண்ணெய், பால்பொடி, நெய், ஒண்ணும் அந்தச் சட்டி பக்கத்துல போகாது. எங்க அக்கா உள்ள இருக்கா. அவ கையில ஒரு தப்பு வராது.”

பூங்கனிக்குப் பெருமையில் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அடங்குவதற்குள் ‘நெய்’ என்ற சொல் உள்ளே இறங்கியது. கையிலிருந்த சட்டுவம் அப்படியே நின்றது. அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்தாள். விளிம்பில் மஞ்சளாக ஒரு வளையம் மினுங்கிக்கொண்டிருந்தது.

அடுக்களையிலிருந்து அந்த மேசைக்குப் பன்னிரண்டு எட்டு இருக்கும். அந்தத் தூரத்துக்குள் அவள் மனது என்னென்னவோ கணக்குப் போட்டது. கத்தினால் கடை முழுக்கக் கேட்கும். தம்பி இப்போதுதான் அத்தனை பேர் முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறான். ஒன்றும் சொல்லாமல் கோப்பையை எடுத்துவிட்டால் போதும். புதிதாக, வேறு சட்டியில் வைத்துக் கொடுக்கலாம். பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது, தம்பிக்கும் ஒன்றும் ஆகாது.

மேசையை அடைந்தவள் கோப்பையை எடுத்துக்கொண்டாள். “ஈ விழுந்து கெடக்கு மக்கா. வேற கொண்டாறேன்.”

“நான் பாக்கல்லியே” என்றாள் அபிஷா.

ஆன்ஸ்லின் சிரித்தாள். “பைய போதும் அக்கா, அவசரம் இல்ல.”

பூங்கனி திரும்பி இரண்டு எட்டு வைத்தாள். கோப்பைக்குள் பார்த்தாள். இலை பாதிதான் இருந்தது. மறுபாதி கரண்டியால் வழித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் கையில் கரண்டி.

“மக்கா, நீ இதுல குடிச்சியா?”

“குடிக்கல்ல. நுரை மட்டும் தின்னேன்.”

சுயம்புராஜ் இன்னும் அந்த வெளியூர்க்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். அவர் கொஞ்சம் இறங்கி வந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பூங்கனி கோப்பையோடு அங்கேயே நின்றாள். பேசாமல் இருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். நெய்தானே. விரல் நுனி நெய். ஆனால் கல்யாண வீட்டில் நடந்ததும் ஒரு கரண்டி ஒட்டல்தான்.

“ஆன்ஸ்லின், ஈ ஒண்ணும் விழல்ல” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. “சட்டியில நெய் தடவினேன். பொங்காம இருக்க. நான்தான் தடவினேன். பிள்ள நுரையத் தின்னுட்டா.”

சுயம்புராஜ் பேச்சை நிறுத்தினான். ஆன்ஸ்லின் பையைத் திறந்து மகளைத் தன் பக்கம் திருப்பி, வாயைத் திறக்கச் சொன்னாள். கீழுதட்டின் ஓரத்தில் ஏற்கெனவே கொசு கடித்த மாதிரி இரண்டு தடிப்பு. அபிஷா ஒருமுறை இருமினாள். பிறகு இன்னொரு முறை. ஆன்ஸ்லின் தயாராக மருந்து ஏற்றி வைத்திருந்த ஊசியை எடுத்து, பிள்ளையின் தொடையில், துணியின் மேலேயே குத்தினாள்.

“வண்டி இருக்கா?” என்று மட்டும் கேட்டாள் ஆன்ஸ்லின்.

சுயம்புராஜ் காரை ஓட்டினான். பின் இருக்கையில் அம்மா மடியில் தலையும் பூங்கனி மடியில் காலுமாக அபிஷா கிடந்தாள். நாகர்கோவில் வரை பூங்கனி பார்த்துக்கொண்டு வந்தது பிள்ளையின் வயிற்றை. ஏறுகிறதா, இறங்குகிறதா. இறங்கினால் அடுத்தது ஏறும் வரை அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கோட்டாறு சந்திப்பில் சிக்னல் விழுந்தது. “போ மக்கா, போ” என்றாள். சுயம்புராஜ் போனான்.

ஊசி நேரத்தில் போட்டது நல்லதாயிற்று என்றார் மருத்துவர். ஆனாலும் மறுபடி வரக்கூடும், மாலை வரை இருக்கட்டும் என்றார். வெளியே பெஞ்சில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நெய்யும் பால்தான்னு எனக்குத் தெரியாது மக்கா” என்றாள் பூங்கனி.

“வெண்ணெய உருக்கித்தானே எடுக்கு.”

“தெரியும். ஆனா அப்பிடித் தோணல்ல.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “சபிதாவுக்கு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன். எதெல்லாம் படக் கூடாதுன்னு. உனக்குக் குடுக்கல்ல. நீ எல்லாம் சரியாத்தான் செய்வேன்னு நெனச்சேன்.”

திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மூன்று மணிக்கு ஆன்ஸ்லின் வெளியே வந்தாள். தடிப்பு அடங்கிவிட்டது, பிள்ளை தூங்குகிறாள் என்றாள். பூங்கனி எழுந்து நின்றாள்.

“நீங்க ஈ விழுந்ததுன்னு சொன்னத நான் நம்பிட்டேன் அக்கா” என்றாள் ஆன்ஸ்லின். “அப்படியே போயிருந்தா, பிள்ள இருமினாக்கூடப் பனிக்கு இருமுதான்னுதான் நெனச்சிருப்பேன்.” கைப்பையை மூடினாள். “சொல்லிட்டிய. அதுவும் உண்மைதான். இப்பம் எனக்கு ஒண்ணும் பேச வரல்ல. நீங்க போங்க.” கதவு வரை போனவள் திரும்பினாள். “என்னைக்குல இருந்து தடவுதிய?”

“வியாழக்கிழமையில இருந்து.”

“அப்பம் வேற யாரெல்லாம் குடிச்சிருக்காவ?”

அந்தக் கேள்வி பூங்கனிக்கு அதுவரை தோன்றவே இல்லை. வியாழன் முதல் யார் யார் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

நாலரை மணிக்குக் கடைக்குத் திரும்பினார்கள். சபிதா கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தாள். வெளியே ராஜையன் நின்றுகொண்டிருந்தார். “பிள்ளைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு, சாயா கேட்காமலே போனார். பில் போடும்போது வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை வாங்குவது சபிதாவின் வழக்கம். வியாழன் முதல் தேங்காய்ப்பால் வாங்கியவர்களைத் தேடி எடுத்தாள். ஒன்பது பேர்.

“நான் கூப்பிடுதேன்” என்றான் சுயம்புராஜ். “வாங்கின காசையும் திருப்பி அனுப்பிரலாம். தனிப் பாத்திரம்னு சொல்லித்தானே வாங்கினோம்.”

“காச நீ அனுப்பு. பேசுதது நான். கடை பேரச் சொல்லிக் கேட்டாவன்னா, தம்பிக்குத் தெரியாது, நான்தான் தடவினேன்னு சொல்லணும்.”

முதல் எண் தூத்துக்குடிக்காரர். “நெய்யா? சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு ஸ்பூன் ஊத்தச் சொல்லியிருப்பேனே” என்று சிரித்தார். இரண்டாவது ஒரு பெண். மாடுகளைத் துன்புறுத்தக் கூடாதென்று எட்டு வருடமாகப் பாலைத் தொடாதவளாம். முழுசாகக் கேட்டுவிட்டு, “உங்களை நம்பித்தானே குடிச்சேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன் பிறகு பூங்கனிக்கு அடுத்த எண்ணை அழுத்தவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மூன்று, நான்கு, ஐந்து. ஒருவர் வைத்தியரிடம் போக வேண்டுமா என்று பயந்து கேட்டார். ஒருவருக்குத் தமிழ் புரியவில்லை. சுயம்புராஜ் வாங்கிப் பேசினான். ஒவ்வொருவரிடமும் பூங்கனி அதே வரிசையில் சொன்னாள்: யார், எந்தக் கடை, எந்த நாள், எதில் நெய் பட்டது, உடம்புக்கு ஏதாவது ஆயிற்றா. ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். எட்டாவது ஆளும் அப்படித்தான் சொன்னார்.

ஒன்பதாவது எண்ணைப் பார்த்ததும் சபிதா சொன்னாள். “அத்தே, இது வெள்ளிக்கிழமை காலையில வந்தது. ஒரு அக்காவும் கைப்பிள்ளையும். பிள்ளைக்குத்தான் தேங்காய்ப்பால் கேட்டாவ.”

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். முழுதாக அடித்து நின்றது. சுயம்புராஜ் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். “வேலையா இருப்பாவ அக்கா.” அவள் கேட்கவில்லை. மூன்றாவது தடவை அழைத்துக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

எடுத்தார்கள். ஒரு பெண் குரல், களைப்பாக, “யாரு?” என்றது. அதற்குப் பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்து, மூச்சுவிடாமல், தொண்டை முழுக்கத் திறந்து அழுதுகொண்டிருந்தது. பூங்கனி கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள். கடையைச் சொன்னாள். சட்டியில் நெய் தடவியதைச் சொல்லத் தொடங்கினாள்.